பாண்டிகசாலையின் பின்வாசல்: மட்டாஞ்சேரிச் சாலையைப் பாடமாக்குவது எப்படி?

கொச்சி பஜார் ரோட்டில் உள்ள பழைய பாண்டிகசாலைகளுக்கு, அதாவது சரக்குக் கிடங்குகளுக்கு, இரண்டு வாசல். ஒன்று சாலையைப் பார்த்தது, மற்றது காயலைப் பார்த்தது. சாலை வாசலில் இன்று கைவினைப் பொருள் கடை, காபிக் கடை, ஓவியக் கூடம் எனப் பலவும் வந்துவிட்டன. நடுநடுவே அரிசியும் பருப்பும் மூட்டைக் கணக்கில் விற்கும் கடைகளும் இன்னும் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் படம் எடுப்பது இந்த வாசலைத்தான்: காரை உதிர்ந்த சுவர், வெளுத்த நீலக் கதவு, பாசி படிந்த ஓட்டுக் கூரை. காயல் வாசல் பக்கம் அநேகமாக யாரும் போவதில்லை. ஆனால் இந்தக் கட்டடம் எதற்காக எழும்பியதோ அதற்கான விடை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. சரக்கு வள்ளங்கள் வந்து அணைந்த படித்துறை அங்கே இருந்தது. மூட்டைகள் ஏறி இறங்கியதும் அந்த வழியாகத்தான்.

சீன வலைகள் நிற்கும் ஃபோர்ட் கொச்சிக் கரையிலிருந்து கல்வத்தி, பஜார் ரோடு வழியாக மட்டாஞ்சேரி அரண்மனையையும் யூதத்தெருவையும் தொடும் இந்தப் பாதை மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். பள்ளிக் குழந்தைகளுக்கு வரலாறு, புவியியல், கணிதம், அறிவியல், மொழி எல்லாவற்றையும் இந்த ஒரே சாலையில் கற்பிக்க முடியுமா? முடியும் என்பதே என் கருத்து. எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்பதைப் பொறுத்தது அது. காட்சியை முன்வைத்து நுழைந்தால் கிடைப்பது ஓர் உல்லாசப் பயணம். ‘இங்கே யார், என்ன வேலை செய்தார்கள், எப்படிச் செய்தார்கள்?’ என்று கேட்டுக்கொண்டு நுழைந்தால் பாடங்களைச் சேர்த்து முடிய ஆசிரியர் மெனக்கெட வேண்டியதில்லை. வேலை நடக்கும் இடத்தில் அவை ஏற்கெனவே சேர்ந்தேதான் இருக்கின்றன.

சேறு கொடுத்தது, சேறு எடுத்தது

முதல் கேள்வி எளியது: இந்தச் சாலை ஏன் இங்கே இருக்கிறது?

1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்துவிட்டு, தெற்கே கொச்சிக் காயலின் முகத்துவாரத்தை அகலமாகத் திறந்துவிட்டது என்பது வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம். பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிச் சென்ற யவனர் மரக்கலங்களைப் பற்றி அகநானூற்றின் 149ஆம் பாடல் பேசுகிறதே, அந்த முசிறிதான். ஓர் ஊரின் வாழ்வை இன்னோர் ஊருக்கு ஆற்றுச் சேறு மாற்றிக் கொடுத்தது. போர்த்துகீசியர் 1503இல் இங்கே கோட்டை கட்டினார்கள். 1663இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பாடநூல் இந்த மூன்று ஆண்டுகளோடு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். மூன்று கொடிகள் மாறிய காலம் முழுக்க மாறாமல் இருந்த ஒன்றைச் சாலைதான் சொல்லும். முகத்துவாரத்தின் குறுக்கே கிடந்த திட்டு பெரிய கப்பலை உள்ளே விடாது. கப்பல் வெளிக்கடலில் நங்கூரம் போடும். வள்ளங்கள் காயலுக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கோடு போய் வரும். மட்டாஞ்சேரிப் பாண்டிகசாலைகளின் காயல் வாசல் அந்த வள்ளங்களுக்காக வைத்தது.

ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளர் 1920இல் கொச்சிக்கு வந்தார். திட்டை வெட்டி, காயலைத் தூர்வாரி, வாரிய மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவை எழுப்பினார். 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. அதன் பிறகு படிப்படியாகக் கப்பல்கள் நேரே தீவின் துறையை அணையத் தொடங்கின. நடுவில் வள்ளமும் பாண்டிகசாலையும் முன்போல் தேவைப்படவில்லை. 2011இல் வல்லார்பாடத்தில் சரக்குப் பெட்டக முனையம் திறந்தபோது துறைமுகம் மறுபடி ஒரு முறை நகர்ந்தது. ஆற்றுச் சேறு கொடுத்த வணிகத்தை மனிதன் வாரிய சேறு எடுத்துக்கொண்டுபோனது என்று சொல்லலாம்.

ஏழாம் வகுப்பு மாணவிக்கு இது வரலாறா, புவியியலா? வண்டல் படிவது புவியியல், திட்டை வெட்டுவது பொறியியல், வணிகம் இடம் மாறுவது பொருளியல், வேலை போனவர்கள் என்ன ஆனார்கள் என்பது சமூகவியல். கேள்வி மட்டும் ஒன்றுதான். படித்துறையில் நின்று, நீர் ஏறிய ஈரக்கோட்டைச் சுண்ணக்கட்டியால் காலையில் ஒரு தடவை, சில மணி நேரம் கழித்து ஒரு தடவை குறித்தால் ஓதமும் பாடமாகிவிடும். கொச்சியில் ஓத ஏற்ற இறக்கம் பெரிதல்ல, ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் மூட்டை ஏற்றுகிறவனுக்கு அந்த ஒரு மீட்டர் என்பது, வள்ளத்தின் விளிம்பு படிக்கு நேராக நிற்கிறதா, இடுப்பளவு கீழே கிடக்கிறதா என்ற வேறுபாடு.

அழகுக்காக இடித்த வீடு

சாலையைப் பள்ளியாக்கும் முயற்சி உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே மலைத்தொடரின் முகட்டில் சுமார் 755 கிலோமீட்டர் ஓடும் சாலை. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1935இல் வேலை தொடங்கி 1987இல்தான் முழுமையடைந்தது. சரக்கு லாரி போக அனுமதி இல்லை. பார்த்துக்கொண்டே போவதற்கென்று வடிவமைத்த சாலை அது. அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறை இத்தகைய இடங்களை வகுப்பறையாகப் பயன்படுத்தப் பாடத் திட்டங்கள் வகுத்திருக்கிறது.

அந்தச் சாலையில் வர்ஜீனியா மாநிலத்தில் மேப்ரி ஆலை என்ற நீர்ச்சக்கர ஆலை இருக்கிறது. குளத்தில் அதன் நிழல் விழும் காட்சி நாள்காட்டிகளில் அடிக்கடி வரும். அந்த ஆலையை நடத்திய குடும்பம் பலகை வைத்துக் கட்டிய, அந்தக் காலத்துக்கு நவீனமான வீட்டில் வாழ்ந்தது. அழகுச் சாலையை உருவாக்கியவர்களுக்கு அது பழமையாகத் தோன்றவில்லை. வீட்டை இடித்துவிட்டு, வேறிடத்திலிருந்த மரக்கட்டைக் குடிசை ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மலைவாசி என்றால் கட்டைக் குடிசையில்தான் இருந்திருக்க வேண்டும் என்பது பார்க்க வருகிறவரின் எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்புக்கு ஏற்ப வரலாறே திருத்தி எழுதப்பட்டது.

மட்டாஞ்சேரியில் யாரும் வீட்டை இடித்துக் குடிசை வைக்கவில்லை. ஆனால் காரை உதிர்ந்த சுவரைப் பழமையின் அழகு என்று ரசிக்கும்போது, அந்தச் சுவர் உதிரக் காரணம் வணிகம் நகர்ந்து பராமரிக்க ஆளில்லாமல் போனதுதான் என்பது மறைந்துவிடுகிறது. வேலை போன இடத்தில் மிஞ்சியதைத்தான் நாம் காட்சி என்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. குழந்தைகளிடம் ‘எவ்வளவு அழகு பாருங்கள்’ என்று தொடங்கினால், மேப்ரி ஆலையில் நடந்தது நம் வகுப்பறையிலும் நடக்கும்.

ஒரு லிட்டர் மிளகு

இனி ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்போம்.

மிளகு வியாபாரத்தில் தரம் சொல்ல ஒரு பழைய அளவு உண்டு: லிட்டர் எடை. ஒரு லிட்டர் பாத்திரத்தில் மிளகை விளிம்பு வரை கொட்டி, மேலே மரச்சட்டத்தால் வழித்து, எடை போடுவார்கள். 550 கிராம் நின்றால் நல்ல கனமுள்ள சரக்கு. பிஞ்சும் சொத்தையும் கலந்திருந்தால் எடை இறங்கும். பாடநூல் அடர்த்தி என்று சொல்வதை வியாபாரி தன் தொழில் மொழியில் சொல்கிறார். மாணவர்கள் மூன்று கடைகளில் கால் கிலோ வீதம் மிளகு வாங்கி, ஒரே பாத்திரத்தில் அளந்து எடைபோட்டுப் பார்த்தால் போதும், நிறை வகுத்தல் கன அளவு என்ற சூத்திரம் விரல் நுனிக்கு வந்துவிடும். லிட்டருக்கு 550 கிராம் நிற்கும் சரக்கு 50 கிலோ மூட்டையாக எத்தனை லிட்டர் இடம் பிடிக்கும்? ஏறத்தாழ 91 லிட்டர். பாண்டிகசாலையின் நீள அகலத்தை நாடாவால் அளந்து, மூட்டை எத்தனை அடுக்கு உயரம் போடுவார்கள் என்று சுமைதூக்கும் தொழிலாளியிடம் கேட்டால் கிடங்கின் கொள்ளளவு வந்துவிடும். இதில் அளப்பது மாணவர், விவரம் தருவது தொழிலாளி. ஆசிரியர் பக்கத்தில் நின்றால் போதும்.

பச்சை மிளகைக் காயவைத்தால் எடை மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு மலையில் ஏறத்தாழ 150 கிலோ பறித்திருக்க வேண்டும். பச்சை ஏன் கறுக்கிறது? நறுக்கி வைத்த வாழைக்காய் கறுக்கிற அதே காரணம்தான். தோலில் உள்ள நொதி காற்றுப்பட்டு வேலை செய்கிறது. தோலை ஊறவைத்து நீக்கிவிட்டால் அதுவே வெள்ளை மிளகு. பப்பாளி விதை கலப்படத்தைக் கண்டுபிடிக்க ஒரு தம்ளர் தண்ணீர் போதும். நல்ல மிளகு அடியில் போகும், பப்பாளி விதை மிதக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மிளகின் நாள்காட்டி. மலையாளிகள் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் இறங்கும்போது மிளகுக் கொடி பூக்கத் தொடங்குகிறது. அதே மழைக்காலத்தில் கடல் கொந்தளித்துக் கப்பல் போக்குவரத்து நின்றுவிடும். மழையின் கடைசிக் காற்றைப் பிடித்து அரபிக் கரையிலிருந்து கப்பல்கள் வந்து சேரும். மிளகு முற்றிப் பறிப்பது நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையே. அப்போது காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசும், கப்பல்கள் மிளகை ஏற்றிக்கொண்டு மேற்கே திரும்பும். பூ, காற்று, கப்பல் மூன்றும் ஒரே வட்டத்தில் சுற்றுகின்றன. தாவரவியல் ஆசிரியரும் புவியியல் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் தனித்தனிக் கரும்பலகையில் எழுதுவதை ஒரு பெரிய வட்டத் தாளில் பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்து மாணவர்களே வரைந்துவிடலாம்.

யூதத்தெருவில் இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. 1957இல் மிளகு முன்பேர வணிகத்தைத் தொடங்கிய சங்கம் இது. கூடத்தில் தரகர்கள் நின்று, இன்னும் பறிக்காத மிளகுக்கு உரக்கக் கத்தி விலை பேசிய காலம் ஒன்று இருந்தது. கணினி வந்த பிறகு அந்தச் சத்தம் அடங்கிவிட்டது. வகுப்பறையில் அதைத் திரும்பக் கொண்டுவருவது கடினமல்ல. பாதி மாணவர்கள் விளைவிப்பவர்கள், பாதி வாங்குபவர்கள். ஆசிரியர் பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி வாசிக்கிறார்: மழை தாமதம், கப்பல் வரவில்லை, வேறொரு நாட்டில் விளைச்சல் அதிகம். விலை எப்படி ஏறி இறங்குகிறது என்பதை வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால், விழுக்காடும் வரைபடமும் இடர்ப்பாடு என்ற கருத்தும் ஒரே மணி நேரத்தில் வந்து சேரும்.

மூன்று எண்ணெழுத்தில் ஒரு கடிகாரம்

1568இல் கட்டிய பரதேசி யூத ஜெபாலயத்தின் பக்கத்தில் 1760இல் ஒரு மணிக்கூண்டு எழுப்பப்பட்டது. கட்டுவித்தவர் டச்சுக் கம்பெனியோடு பெருவணிகம் செய்த எசக்கியேல் ரஹாபி. ஜெபாலயத்தின் தரையில் பதித்த நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகளும் அவர் காலத்தவை. மணிக்கூண்டின் முகப்புகளில் எண்கள் எபிரேயம், ரோமன், மலையாளம் என மூன்று வகை எழுத்தில் இருக்கின்றன. எந்த முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது, அந்தத் திசையில் யார் வாழ்ந்தார்கள் என்பதை வழிகாட்டி சொல்லும் முன்பே குழந்தைகள் திசைகாட்டியைக் கையில் வைத்துக் கண்டுபிடிக்கட்டும்.

தமிழ்க் குழந்தைக்கு இது கணிதத்தின் ஒரு கதவைத் திறக்கும். எபிரேயத்தில் எழுத்துகளே எண்கள். பத்துக்கு ஓர் எழுத்து, ஒன்றுக்கு ஓர் எழுத்து, பதினொன்றுக்கு இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள். பழைய தமிழ் எண்ணிலும் பத்துக்குத் தனிக்குறி உண்டு: ௰. பதினொன்று ௰௧. மலையாளத்தின் பழைய முறையும் இதே குடும்பம்தான். ரோமன் எண்ணில் ஒன்பது என்பது பத்துக்கு முன் ஒன்றைப் போட்டுக் கழித்துச் சொல்வது. சுழியமும் இடமதிப்பும் இல்லாமல் இத்தனை நாகரிகங்கள் கணக்குப் போட்டிருக்கின்றன. அப்படியானால் 47ஐ 23ஆல் அந்த எழுத்துகளிலேயே பெருக்கிப் பாருங்கள் என்று சொன்னால், சுழியம் ஏன் பெரிய கண்டுபிடிப்பு என்பதற்குச் சொற்பொழிவு தேவைப்படாது. ஒரு வணிகர் ஏன் மூன்று எழுத்தில் நேரம் காட்டச் செலவு செய்தார் என்ற கேள்வி கணிதத்திலிருந்து வரலாற்றுக்குத் தானாகவே தாண்டிவிடும்.

சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ பொ.ஆ. 1000இல் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவையும் 72 உரிமைகளையும் கொடுத்த செப்பேடு இந்தச் சமூகத்திடம் பாதுகாக்கப்பட்டது. எழுத்து வட்டெழுத்து. மொழி அன்றைய தமிழுக்கு மிக நெருங்கிய பழைய மலையாளம். மன்னர் இருந்த ஊராக அதில் வருவது முயிரிக்கோடு, அதாவது நம் முசிறி. 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் சென்றபோது பரிசாகக் கொடுத்த பொருட்களில் இதன் நகலும் ஒன்று. தமிழ் தெரிந்த ஒரு மாணவர் இதன் வாசகத்தைத் தமிழ் எழுத்தில் பார்த்தால், பாதிச் சொற்கள் புரிந்து பாதி நழுவும் அந்த அனுபவத்திலேயே இரு மொழிகள் பிரிந்த கதையை உணர்ந்துவிடுவார்.

மொழிப் பாடத்துக்குச் சாலையில் இன்னும் இருக்கிறது. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, பீப்பாய், ஏலம் எல்லாம் போர்த்துகீசியம் விட்டுச்சென்ற சொற்கள், தமிழிலும் மலையாளத்திலும் வீட்டுச் சொற்களாகிவிட்டன. எந்தச் சொல் வீட்டோடும் எந்தச் சொல் சந்தையோடும் வந்தது என்று பிரித்துப் பட்டியல் போட்டால், இரண்டு சமூகங்கள் எந்த வாசலில் சந்தித்தன என்பது தெரியும். கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ் என்று மட்டாஞ்சேரியில் வீட்டுக்குள் பேசும் மொழிகள் பல. அங்குள்ள பள்ளிகளில் ஒரே வகுப்பில் மூன்று நான்கு வீட்டு மொழிகள் இருப்பது சாதாரணம். அந்த வகுப்புக்கு வெளியே போகுமுன் உள்ளேயே கள ஆய்வு தொடங்கலாம்.

கயிறும் கல்லும்

ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் தோபிக்கானா ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்வது தமிழ் வண்ணார் குடும்பங்கள். டச்சுப் படையினரின் சீருடையை வெளுக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். உள்ளே நுழைந்தால் வரிசையாகத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு துவைகல். துணியை ஓங்கி அடிக்கும் சத்தம் ஒரே தாளத்தில் வராது. ஒருவர் நிறுத்தும்போது இன்னொருவர் தொடங்குவார். கஞ்சி போட்ட வேட்டி வெயிலில் விறைத்து நிற்கும். ஆசிரியர்கள் அழைத்துப் போக வேண்டிய இடம் பின்பக்கக் கொடித்திடல். அங்கே துணிக்கு கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டியிருப்பார்கள். துணியின் ஓரத்தை முறுக்கின் இடையே செருகிவிட்டால் எந்தக் கடற்காற்றுக்கும் அசையாது. காற்று இழுக்க இழுக்கக் கயிறு இறுகிப் பிடிக்கும்.

உராய்வு விசையைப் பற்றி இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குத் தெரியவில்லை. பள்ளி மைதானத்தில் முறுக்கிய கயிறு ஒன்று, முறுக்காத கயிறு ஒன்று கட்டி, துணியின் ஓரத்தை வில் தராசில் மாட்டி, எத்தனை விசைக்குத் துணி நழுவுகிறது என்று மாணவர்கள் அளக்கலாம். முறுக்கு எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய் வரைபடம் போடலாம். அந்த அறிவைக் கண்டுபிடித்தவர் எந்தப் பாடநூலிலும் இல்லை. துணி வெளுப்பதைத் தாழ்வாகப் பார்த்த ஒரு சமூக அமைப்பு அந்த அறிவை அறிவென்று எண்ணவில்லை என்பதும் பாடத்தில் சேரவேண்டியதுதான்.

சீன வலை இதன் அக்காள். பெரிய மரச்சட்டத்தின் ஒரு முனையில் வலை, மறு முனையில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கற்கள். சட்டத்தின் மேல் ஒரு மீனவர் நடந்து போனாலே வலை நீரில் இறங்கும். தூக்கும்போது நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, கற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் வந்து அமரும். எடை, தூரம், சுழல்திறன் மூன்றையும் கணக்கிட அந்தக் கல்லையும் சட்டத்தையும் அளந்தால் போதும். வலையின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களில் போர்த்துகீசியச் சாயல் இருப்பதால், சீனாவிலிருந்து நேராக வராமல் மக்காவ் வழியாகப் போர்த்துகீசியர் கொண்டுவந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் கருதுகிறார்கள். ஒரு சொல் எப்படிச் சான்றாகிறது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

நிழல் தரும் பெரிய மரங்களிலும் ஒரு சோதனை இருக்கிறது. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிகுஸ்’ 1678க்கும் 1693க்கும் இடையே ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சானது. அதில் 742 தாவரங்கள். சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும் கொங்கணி வைத்தியர்கள் மூவரும் சொன்ன அறிவு அதன் அடித்தளம். தாவரவியல் பேராசிரியர் கே.எஸ். மணிலால் அதை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் கொண்டுவந்தார். ஃபோர்ட் கொச்சித் தெருக்களில் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை அந்த நூலில் தேடினால் கிடைக்காது. அது தென்னமெரிக்காவிலிருந்து பின்னாளில் வந்த மரம். எது இருந்தது, எது வந்தது என்று ஒரு தெருவின் மரங்களை இரண்டாகப் பிரிப்பது சிறுவர்களுக்கு நல்ல துப்பறியும் வேலை.

சாப்பா

இந்தச் சாலையில் எந்தச் சுற்றுலாக் கையேடும் முதல் பக்கத்தில் போடாத பாடம் ஒன்று உண்டு. கொச்சித் துறைமுகத்தில் அன்றாட வேலைக்கு ஆள் எடுக்க ‘சாப்பா’ என்ற உலோக வில்லை பயன்பட்டது. காலையில் கங்காணிகள் வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். முண்டியடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை, எடுக்காதவன் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். அந்த முறைக்கு எதிராகத் தொழிலாளர்கள் எழுந்தார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை சுட்டது. அந்தப் போராட்டத்தில் சைது, சைதலவி, ஆண்டனி என்ற மூவர் உயிரிழந்ததை ஊர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. ராஜீவ் ரவி இயக்கி 2023இல் வெளிவந்த ‘துறமுகம்’ படத்தின் களம் இதுதான்.

வகுப்பறையில் இதைச் சொல்லும் வழி ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். நாற்பது மாணவர்கள், பதினைந்து வில்லை. ஒருவருக்கு வேலை கிடைக்கும் நிகழ்தகவு என்ன? தொடர்ந்து மூன்று நாள் வேலை கிடைக்காமல் போகும் வாய்ப்பு என்ன? குலுக்கல் முறையில் கொடுத்தால் எல்லோருக்கும் சம வாய்ப்பு. வீசினால் பலசாலிக்கு அதிகம், வயதானவருக்குக் குறைவு. அந்த வேறுபாட்டை மாணவர்களே விளக்கட்டும். துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1948இலேயே நாட்டில் வந்துவிட்டது. சட்டம் வந்து ஐந்து ஆண்டுக்குப் பின்னும் வில்லை ஏன் வீசப்பட்டது என்பது குடிமையியல் ஆசிரியருக்கு உரிய கேள்வி. வில்லையை உண்மையில் வீசி விளையாடிக் காட்ட வேண்டாம். அவமானத்தைப் போலச் செய்து காட்டுவது பாடமாகாது, கணக்கே போதுமான அளவு சுடும்.

பழைய யோசனை, புதிய இடைஞ்சல்

வேலையை நடுவில் வைத்துப் பாடங்களை அதைச் சுற்றிக் கட்டும் யோசனை நம் நாட்டுக்குப் பழகியதுதான். 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்து, ஜாகிர் உசேன் குழு வடிவம் கொடுத்த ஆதாரக் கல்வி இதையே சொன்னது. அது சறுக்கிய இடங்களில் ஒன்று, வேலையைப் பள்ளிக்குள் செயற்கையாகக் கொண்டுவந்தது. எல்லா ஊரிலும் நூல் நூற்கும் தக்ளி ஒரே மாதிரி சுற்றியது. மட்டாஞ்சேரியில் அந்தச் சிக்கல் இல்லை, வேலை தெருவிலேயே கிடக்கிறது. பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு அறிவை இணைப்பது 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பின் முதல் வழிகாட்டு நெறி. 2020 கல்விக் கொள்கை 6 முதல் 8 வரை வகுப்புகளுக்குப் பத்து ‘பையில்லா நாட்கள்’ பற்றிப் பேசுகிறது. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் 1990களின் தொடக்கத்தில் ஊர் மக்களையே கூட்டி ஊராட்சி வளங்களை வரைபடமாக்கியது. கொச்சி–முசிறிஸ் பியென்னாலே கலைத் திருவிழா 2012 முதல் ஆஸ்பின்வால் ஹவுஸ் போன்ற பழைய வணிக வளாகங்களில் நடக்கிறது, குழந்தைகளுக்கான கலைத் திட்டமும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்கள் கல்வெட்டு வாசிக்கப் பழகியிருக்கிறார்கள்.

இடைஞ்சல் வேறிடத்தில் இருக்கிறது. நாற்பது நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கும் கால அட்டவணையில் மூன்று மணி நேர நடைக்கு இடமில்லை. தேர்வுத்தாள் பாடவாரியாகத்தான் வரும். லாரி நிற்கும் குறுகிய சாலையில் நாற்பது பிள்ளைகளை நடத்திக் கொண்டுபோவது ஒரே ஆசிரியரால் ஆகிற காரியம் இல்லை. ஆகவே சிறிதாகத் தொடங்குவதே புத்திசாலித்தனம். ஒரு நாளில் மூன்று நிறுத்தங்கள் போதும், அரண்மனைச் சுவரோவியம் வரை எல்லாவற்றையும் ஒரே காலையில் திணித்தால் ஒன்றும் தங்காது. ஐந்து பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு நாடா, ஒரு தராசு, ஒரு திசைகாட்டி. முதல் அரை மணி நேரம் கைபேசி கூடாது, பார்ப்பதை வரைய வேண்டும். கிடங்கு உரிமையாளரிடமும் தொழிலாளியிடமும் முன்பே போய் அனுமதி கேட்க வேண்டும். வேலை செய்கிறவரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது, அவர் ஓய்ந்திருக்கும் நேரத்தில் அவரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். அன்றைக்கு அவர்தான் வாத்தியார். ஜெபாலயத்தில் ‘ஓடுகளில் ஒன்றைப்போல் ஒன்று இல்லை’ என்பது போன்ற வழிகாட்டி வாக்கியங்களை அப்படியே எழுதிக்கொள்ளாமல், பத்து ஓடுகளை மனத்தில் பதித்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மட்டாஞ்சேரிக்கு எல்லோரும் போக முடியாது, போகவும் தேவையில்லை. மதுரையின் கீழமாசி வீதியிலும் தூத்துக்குடியின் கிரேட் காட்டன் ரோட்டிலும் சரக்குக்கும் எடைக்கும் சுமைக்கும் குறைவில்லை. தெருவின் பெயரே என்ன வணிகம் நடந்தது என்று சொல்லிவிடும் ஊர்கள் நம்மிடம் ஏராளம்.

நடை முடிந்தபின் மாணவர் என்ன எழுதித் தரவேண்டும் என்பதற்கு எனக்கு ஒரு யோசனை உண்டு. கட்டுரை வேண்டாம், ஒரு சரக்குச் சீட்டு போதும். நூறு ஆண்டுக்கு முன் ஒரு மூட்டை மிளகு மலையிலிருந்து கப்பல் வரை போன வழியை ஒரே பக்கத்தில் கட்டம் கட்டி நிரப்ப வேண்டும். எங்கே பறித்தது, பச்சையில் எவ்வளவு, காய்ந்து எவ்வளவு, எந்த ஆறு, எந்த மாதம், எந்தக் காற்று, லிட்டர் எடை, விலை, பேரம் பேசிய மொழி, வள்ளம் அணைந்தபோது ஓதம். கேட்டும் அளந்தும் கணக்கிட்டும் பிள்ளைகள் இவ்வளவையும் நிரப்பிவிடுவார்கள். கடைசிக் கட்டத்தில் ‘சுமந்தவர் பெயர்’ என்று இருக்கும். அந்தக் கட்டம் எல்லோருடைய சீட்டிலும் காலியாகவே நிற்கும். கட்டியவர் பெயர் மணிக்கூண்டோடு நிற்கிறது. உரிமை பெற்றவர் பெயர் செப்பேட்டில் இருக்கிறது. சுமந்தவர்களில் இந்த ஊர் பெயரோடு நினைவில் வைத்திருக்கும் மூவரும் 1953இல் உயிரைக் கொடுத்துத்தான் அந்த இடத்தைப் பெற்றார்கள்.